பேட்டரி மாற்ற வந்தவர் 40,000 ரூபாய் கேட்ட கதை

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறோம். பில், கணக்கு, பாக்கி எல்லாம் ஒரு பழைய டெல் டி320 சர்வரில். உள்ளே 4 ஹார்டு டிஸ்க், அவற்றைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் பெர்க் ஹெச்710 ரெய்டு கார்டு. போன மாதம் ஆன் செய்யும்போதெல்லாம் கார்டு பேட்டரி சரியில்லை என்று காட்ட ஆரம்பித்தது. கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரும் ஊர்ந்தது.

அந்தப் பேட்டரிக்கு ஒரே வேலைதான். டிஸ்க்கில் எழுத வேண்டியதை கார்டு முதலில் தன் 512 எம்பி மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியாயிற்று என்று சொல்லிவிடும். நடுவில் கரண்டு போனால் அதைக் காப்பது பேட்டரி. பேட்டரி போனால் கார்டு அப்படிச் செய்யாமல் நேரே டிஸ்க்கில் எழுதும். வேகம் குறையும், அவ்வளவுதான்.

நாகர்கோவிலில் ஒரு சர்வீஸ் கடையிலிருந்து ஆள் வந்தார். பேட்டரியும் கூலியும் சேர்த்து 6,500. பில் கேட்டதற்கு, "அப்புறம் தாரேன் அண்ணே." நானும் விட்டுவிட்டேன்.

தூசி தட்ட என்று நாலு டிஸ்க்கையும் உருவினார். பேட்டரியை மாட்டி, டிஸ்க் இல்லாமலேயே ஒரு தடவை ஆன் செய்து பார்த்தார். பிறகு டிஸ்க்கைச் சொருகி ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' என்று நிற்கிறது. எதையோ தட்டித் தாண்டினார். பூட் டிவைஸ் இல்லை, அதாவது விண்டோஸ் ஏற்ற டிஸ்க்கே காணோம் என்று வந்தது. "டிஸ்க் எல்லாம் போச்சு அண்ணே. டேட்டா எடுக்க 40,000 ஆவும். கடைக்குக் கொண்டுபோவட்டா?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. வெளியே ஷீட்டோடு ஆட்கள் நிற்கிறார்கள். நல்லவேளை, திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அக்கா மகனுக்குத் திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். "மாமா, கிளியர் எதையும் அழுத்தலியே? இனிஷியலைஸ்?" அழுத்தியிருந்தால் டிஸ்க்கில் உள்ளது அழிந்துபோகலாமாம். இரண்டும் இல்லை என்று தெரிந்ததும்தான் மூச்சு விட்டான்.

ரெய்டு அமைப்பின் விவரம் டிஸ்க்குகளிலேயே எழுதியிருக்குமாம். டிஸ்க் இல்லாமல் ஆன் செய்ததால் கார்டு அவற்றை அந்நியமாகப் பார்த்திருக்கிறது. திரும்ப ஆன் செய்து, அந்தச் செய்தி வந்ததும் 'எஃப்' அழுத்தச் சொன்னான். விண்டோஸ் வந்துவிட்டது! டேலியும் அப்படியே இருந்தது. (நாலும் ஒரே நேரத்தில் கழன்றதால் இது சுலபம். ஒரு டிஸ்க் முன்பே செத்திருந்தால் யோசிக்காமல் எஃப் அழுத்தக் கூடாது என்றும் சொன்னான்.)

வந்தவர் பேசாமல் பையைக் கட்டினார்.

கதை அதோடு முடியவில்லை. புதுப் பேட்டரி சார்ஜ் ஏறச் சில மணி நேரம் ஆகும், அதுவரை மெதுவாகத்தான் இருக்கும், அது நியாயம். மூன்று நாள் ஆகியும் அதே எச்சரிக்கை. மூடியைத் திறந்து பார்த்தால் பேட்டரியில் தேதி இருக்கும் இடத்தை மட்டும் சுரண்டியிருக்கிறார்கள். பழையது என்று ஒன்றை அவரே எடுத்துப் போய்விட்டார். என் பழைய பேட்டரியையே திரும்ப மாட்டிவிட்டாரோ என்று கூடச் சந்தேகம்.

பேட்டரி இல்லாமலும் வேகமாக எழுதவைக்கும் ஒரு செட்டிங் உண்டு. அந்த சர்வீஸ் கடைக்காரர் போனில் அதைப் போடச் சொன்னார். நம்ம ஊர் மழைக்கும் கரண்டுக்கும் அதைச் செய்தால் என் கணக்குப் புத்தகத்தை நானே ஆற்றில் போட்டதாகும். வேண்டாம் என்றேன். பணத்தைக் கேட்டால், "பில் இருக்கா?" என்கிறார்.

இப்போது மெதுவாகவே ஓடுகிறது. தேதி போட்ட பேட்டரி, பில்லோடு, வேறு இடத்தில் சொல்லியிருக்கிறேன்.