பூங்கொத்து அனுப்ப எந்த வழி: உள்ளூர்ப் பூக்கடையா, இடைத்தளமா, கூரியர் பெட்டியா?

வேறோர் ஊரில் இருப்பவருக்குப் பூங்கொத்து அனுப்ப இன்று நான்கு வழிகள் உண்டு. அந்த ஊர்ப் பூக்கடையை நேரே அழைத்துச் சொல்லலாம். ஆர்டரை வாங்கி அங்குள்ள ஏதோவொரு கடைக்குத் தள்ளிவிடும் இணையதளத்தில், அதாவது இடைத்தளத்தில், பதியலாம். அட்டைப்பெட்டியில் கூரியரில் அனுப்பலாம். மளிகையோடு பூவையும் கொண்டுவரும் விரைவு டெலிவரி ஆப்பில் தட்டலாம். நான்கிலும் பணம் கட்டும் பக்கத்தில் தெரியும் படம் ஏறக்குறைய ஒன்றுதான். வாசலில் போய்ச் சேருவது ஒன்றல்ல. வேறுபாடு இரண்டு இடங்களில் உண்டாகிறது: கட்டிய பணம் பூவாக மாறுமுன் எத்தனை கை மாறுகிறது, காம்பு தண்ணீரை விட்டு எத்தனை மணி நேரம் இருக்கிறது.

நேரடிக் கடையும் இடைத்தளமும்

இவ்விரண்டையும் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். அப்படி நினைக்கும்படிதான் பல இடைத்தளங்கள் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. ஊர்ப் பெயரையும் 'பூக்கடை' என்ற சொல்லையும் சேர்த்து ஒரு பக்கம் இருக்கும். அதற்குப் பின்னால் கடை இருக்காது, அழைப்பு மையம் மட்டும் இருக்கும்.

ஒரு ஊரில் ஆர்டர் வாங்கி இன்னோர் ஊரில் கட்டித்தரும் ஏற்பாடு புதிதல்ல. 1910-இல் அமெரிக்கப் பூக்கடைக்காரர்கள் சேர்ந்து தந்தி வழியாக ஆர்டர்களைப் பரிமாறிக்கொள்ள ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அதில் இரு முனையிலும் பூக்கடை இருந்தது. ஆர்டர் எடுத்தவருக்கும் பூவைப் பற்றித் தெரியும் என்பதால், நடக்காத காரியத்தை வாக்குக் கொடுக்க மாட்டார். இன்றைய இடைத்தளத்தில் பல நேரம் ஒரு முனையில் விளம்பரம்தான் இருக்கிறது.

பணம் எப்படிப் பிரிகிறது என்று பார்த்தால் மீதி விளங்கிவிடும். நீங்கள் பூவுக்குக் கட்டியது 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் பிடித்தவருக்கு 20 என்பது இந்த வணிகத்தின் நெடுநாள் வழக்கம். நடுவிலுள்ள வலையமைப்பு தன் பங்கை எடுக்கும். கட்டித்தரும் கடைக்கு 70-ஐ ஒட்டி ஏதோ வரும். விகிதம் இடத்துக்கு இடம் மாறும். பூ, இலை, தாள், ரிப்பன், கூலி எல்லாம் அதற்குள். கடைசிப் பக்கத்தில் 'சேவைக் கட்டணம்' என்று ஏறுகிறதே, அது இந்த 100-க்கு வெளியே. அதில் ஒரு இதழ்கூட வாங்கப்படுவதில்லை.

ஆக, 100-க்கான படத்தை 70-க்குக் கட்ட வேண்டிய நிலை கடைக்காரருக்கு. நல்ல கடை அந்த ஆர்டரைத் திருப்பிவிடும். அது அடுத்த கடைக்குப் போகும், அங்கும் மறுத்தால் அதற்கடுத்த கடைக்கு. காலையில் வரவேண்டிய பூ மாலையில் வருவதற்கு இது முக்கியக் காரணம். ஏற்றுக்கொண்ட கடை கணக்கைச் சரிக்கட்டச் செய்வதும் தெரிந்ததே: 60 செ.மீ. காம்பு ரோஜாவுக்குப் பதில் 40 செ.மீ. (காம்பு குறைந்தால் பெரும்பாலும் மொட்டும் சிறுக்கும்), இடைவெளியை அடைக்க ஜிப்சோபிலா என்னும் பொடி வெள்ளைப் பூவும் இலையும், எல்லாவற்றையும் மூடி மறைக்க இரண்டு அடுக்குத் தாள். கடைக்காரரைக் குறைசொல்ல இதில் பெரிதாக ஒன்றுமில்லை. அவர் கைக்கு வந்த பணத்துக்குக் கட்டியிருக்கிறார்.

எதிரில் இருப்பது கடையா, தளமா என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: "இன்றைக்கு உங்கள் வாளியில் என்னென்ன பூ இருக்கிறது?" கடைக்காரர் திரும்பிப் பார்த்துச் சொல்வார். அழைப்பு மையத்தில் இருப்பவர் பட்டியல் எண்ணைக் கேட்பார். தளத்தில் தெரு முகவரி இல்லாமல் தொலைபேசி எண் மட்டும் இருப்பதும், வேறு வேறு ஊர்ப் பக்கங்களில் அதே படங்கள் வருவதும் கூடுதல் அடையாளங்கள். முகவரி இருந்தால் வரைபடத்தில் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள். வாசலில் பூவாளி தெரிகிறதா என்று.

இடைத்தளம் எதற்குமே ஆகாது என்று சொல்ல முடியாது. மொழி தெரியாத நாட்டுக்கு அனுப்பும்போதும், அங்குள்ள கடை உங்கள் வங்கி அட்டையை ஏற்காதபோதும், நள்ளிரவில் நினைவு வந்து காலையிலேயே போய்ச்சேர வேண்டியபோதும் அதுதான் வழி. அப்போது கடைகளே உறுப்பினராக உள்ள பழைய வலையமைப்பைத் தேர்ந்தெடுப்பது மேல். அதிலும் 'கடைக்காரர் விருப்பப்படி' என்ற தெரிவு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள். படத்திலுள்ள குறிப்பிட்ட ஜாடியும் குறிப்பிட்ட ரகப் பூவும் அந்தக் கடையில் இருக்கப் போவதில்லை. இருப்பதில் நல்லதைக் கட்டச் சொன்னால் அதே பணத்துக்கு நிறையப் பூ வரும்.

கடையை நேரே அழைத்தால் என்ன சொல்வது

படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்பது மிக மோசமான ஆர்டர். கடைக்காரருக்கு வேண்டியவை: டெலிவரியையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, என்ன நிற வரிசை, எந்த நிகழ்வு, வாங்குபவர் வீட்டில் பூனை உண்டா, வாசனை ஒத்துக்கொள்ளுமா. பூனையைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. லில்லியின் இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையே வாங்கும். பூனை உள்ள வீட்டுக்கு லில்லி அனுப்பவே கூடாது. மற்ற வீடுகளுக்கு அனுப்பும்போதும் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள். துணியில் பட்டால் கறை எளிதில் போகாது.

மாற்றுப் பூ பற்றி முன்கூட்டியே பேசிவிட வேண்டும். கேட்ட பூ இல்லையென்றால் அதே நிறத்தில், அதே மதிப்பில் வேறொன்று வைப்பது கடைகளின் பொது வழக்கம். உங்களுக்கு நிறம் முக்கியமா, பூ முக்கியமா என்று தெளிவாகச் சொல்லாவிட்டால், வெள்ளை ரோஜா கேட்ட இடத்தில் வெள்ளைச் சாமந்தி வந்து நிற்கும். கட்டாயம் ஒரு குறிப்பிட்ட பூதான் வேண்டுமென்றால் மூன்று முதல் ஐந்து நாள் முன்பே சொல்லி, கொள்முதலில் சேர்க்கச் சொல்லுங்கள். சரக்கு எந்தெந்தக் கிழமை வருகிறது என்று கேட்டு அன்றோ மறுநாளோ அனுப்பினால் இன்னும் நல்லது.

பிப்ரவரி 14 மட்டும் தனிக்கதை. ரோஜாச் செடியைக் கவாத்து செய்தால் மறுபடி பூக்க ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அந்த ஒரு நாளைக் கணக்கிட்டு டிசம்பரிலேயே வெட்டுகிறார்கள். அப்படியும் தேவை முழுவதையும் ஒரே நாளில் பறித்துத் தீர்க்க முடியாது. கொஞ்சம் குளிர்க்கிடங்கில் காத்திருந்து வரும். விலை ஏறிய பூ அந்த வாரத்தில் புதிய பூவாகவும் இருப்பதில்லை. 12 அல்லது 13-ஆம் தேதி போய்ச்சேரும்படி, ரோஜா அல்லாத பூவில் அனுப்புவது கெட்டிக்காரத்தனம்.

அட்டைப்பெட்டியில் வரும் பூ

கூரியர் பெட்டியைப் பலர் மட்டமாகப் பேசுவார்கள். அது நியாயமில்லை. பண்ணையிலோ கிடங்கிலோ மொட்டுநிலையில் பெட்டியில் ஏறிய பூ, கடை வாளியில் மூன்று நாள் நின்ற பூவைவிட அதிக நாள் ஜாடியில் நிற்கக்கூடும். அதன் குறை வேறு: வந்து சேரும் நாளில் அது பூங்கொத்தே அல்ல. தாகத்தில் வாடிய, பாதி மூடிய மொட்டுக் கட்டு. பிறந்தநாள் காலையில் அதைத் திறப்பவருக்கு முகம் சுருங்கத்தான் செய்யும். அதனால் பெட்டியை நிகழ்வுக்கு இரண்டு நாள் முன்பே சேரும்படி அனுப்ப வேண்டும். மொட்டு லில்லி முழுக்க விரிய இரண்டு மூன்று நாள் வேண்டும்.

இந்தப் பயணத்தைத் தாங்குவன கார்னேஷன், அல்ஸ்ட்ரோமீரியா, சாமந்தி, மொட்டு லில்லி, வெளியிதழோடு கூடிய ரோஜா. காம்பு நுனியில் சிறு தண்ணீர்க் குப்பி மாட்டிய ஆர்க்கிட்டும் தாங்கும். ஹைட்ரேஞ்சியா, டாலியா, ஜெர்பெரா மூன்றையும் பெட்டியில் கேட்காதீர்கள். ஹைட்ரேஞ்சியா தண்ணீர் இல்லாமல் சில மணி நேரத்தில் தொங்கிவிடும்; ஜெர்பெராவின் கழுத்து மடியும்.

பெறுபவருக்கு வேலை இருக்கிறது, அதை அவருக்குச் சொல்லியாக வேண்டும். பெட்டியைத் திறந்ததும் காம்பின் அடியில் 2 முதல் 3 செ.மீ. சாய்வாக வெட்டி, உடனே தண்ணீரில் வைக்க வேண்டும். வெட்டிய வாயில் காற்று புகுந்தால் தண்ணீர் ஏறும் குழல் அடைபடும் என்பதால்தான் இந்த 'உடனே'. தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். அவை அழுகினால் பாக்டீரியா பெருகி அதே குழல்களை அடைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில், வெயில் படாத இடத்தில், நாலைந்து மணி நேரம் விட வேண்டும். ரோஜாவின் வெளியிதழ் கறுத்திருந்தால் பயப்படத் தேவையில்லை. உள்ளிருக்கும் இதழ்களைக் காக்கவே பறிக்காமல் விட்ட இதழ் அது. ஒன்றிரண்டை உரித்தால் உள்ளே சுத்தமாக இருக்கும். கழுத்து தொங்கிய ரோஜாவைத் தாளில் நிமிர்த்திச் சுற்றி, காம்பைப் புதிதாக வெட்டி, ஆழமான தண்ணீரில் ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்தினால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

முதியவருக்கோ, உடல்நலம் குன்றியவருக்கோ, அலுவலகத்துக்கோ பெட்டி அனுப்பாதீர்கள். பூவை அடுக்குவதில் ஆசையுள்ளவருக்கு அதுவே அருமையான பரிசு.

விரைவு டெலிவரி ஆப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை குறைவு, வேகம் அதிகம், வாழ்த்து அட்டை பெரும்பாலும் இராது. பழுக்கும் பழங்களுக்குப் பக்கத்தில் வைத்த பூவா என்பதுதான் கவனிக்க வேண்டியது. பழம் விடும் எத்திலீன் வாயு கார்னேஷனின் இதழ்களை உள்ளே சுருட்டிவிடும். அப்படிச் சுருண்டது திரும்ப விரியாது. நீங்களே வாங்கி, வெட்டி, கட்டிக் கையில் கொடுப்பதென்றால் சரி.

கைக்கட்டு, ஜாடி, ஃபோம் கூடை

எந்த வழியில் அனுப்பினாலும் எந்த வடிவத்தில் என்பது அடுத்த கேள்வி. காம்புகளை ஒரே திசையில் சுழல் சாய்வாக அடுக்கிக் கட்டும் கைக்கட்டில் பணம் முழுக்கப் பூவுக்குப் போகிறது. அடியில் தண்ணீர்ப் பை கட்டித் தரச் சொன்னால் ஆள் வீட்டில் இல்லாவிட்டாலும் சில மணி நேரம் தாங்கும். ஜாடி இல்லாத வீடு, விடுதி அறை என்றால் ஜாடியோடு அனுப்புங்கள். ஜாடியின் விலை பூவின் எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான்.

தண்ணீர் ஊறிய பச்சை ஃபோம் கட்டியில் காம்புகளைக் குத்தி அடுக்கும் ஃபோம் கூடை பார்க்கக் கம்பீரம், ஆயுள் குறைவு. அந்தப் பச்சை ஃபோமைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தானாக மூழ்க விட வேண்டும். அவசரத்தில் கையால் அமுக்கினால் நடுவே உலர்ந்த பகுதி நின்றுவிடும். அங்கே குத்திய பூ மறுநாளே வாடும். ஒருமுறை காய்ந்த ஃபோம் மறுபடி சரியாக ஊறாது. குத்திய காம்பைச் சற்று மேலே இழுத்தாலும் அடியில் காற்றிடைவெளி விழுந்து அந்தப் பூ போய்விடும். போதாக்குறைக்கு அது மக்காத பிளாஸ்டிக். பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதை விலக்கிவிட்டது. மேடைக்கும் மேசைக்கும் கூடை சரி. வீட்டுக்கு அனுப்பக் கைக்கட்டே மேல்.

ஜாடியில் எத்தனை நாள் நிற்கும் என்பதும் கணக்கில் வரட்டும். ரோஜாவும் ஜெர்பெராவும் ஒரு வாரத்தை ஒட்டி. லில்லி ஒரு வாரத்துக்கு மேல். அல்ஸ்ட்ரோமீரியா, சாமந்தி, கார்னேஷன் இரண்டு வாரம். ஆந்தூரியமும் வெப்பமண்டல ஆர்க்கிட்டும் நெடுநாள் நிற்கும், ஆனால் 10 பாகை செல்சியசுக்குக் கீழான குளிர்பெட்டியில் வைத்திருந்தால் கறுத்துவிடும். ரோஜாவுக்கு ஏற்ற குளிர் அவற்றுக்குக் கேடு. எல்லாவற்றையும் ஒரே குளிர்பெட்டியில் அடுக்கியிருக்கும் கடையில் ஆந்தூரியம் கேட்காதீர்கள்.

வாசல் வரை

பூங்கொத்து கெடுவதில் பாதி வாசலில்தான் நடக்கிறது. கதவு எண், மாடி, நுழைவாயில் குறியீடு, பெறுபவரின் கைப்பேசி எண் ஆகியவற்றோடு, அவர் இல்லாவிட்டால் யாரிடம் கொடுப்பது என்பதையும் எழுதிக் கொடுங்கள். 'ஆச்சரியமாக இருக்கட்டும்' என்று எண்ணைத் தராமல் விட்டால், பூட்டிய கதவின் முன் வெயிலில் கிடக்கும் கட்டுதான் ஆச்சரியம். அலுவலகத்துக்கு என்றால் மதிய உணவுக்கு முன். மருத்துவமனை என்றால் முதலில் அந்த வார்டை அழைத்துக் கேளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பொதுவாகப் பூவை அனுமதிப்பதில்லை. வாழ்த்து அட்டை வாசகத்தைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் அனுப்புங்கள், பெயர் எழுத்துப்பிழையோடு அச்சாகாமல் இருக்க.

போய்ச்சேர்ந்த பிறகு "பூ நன்றாக இருந்ததா?" என்று கேட்டுப் பயனில்லை. பாதி வாடிய கட்டு வந்திருந்தாலும் "ரொம்ப அழகு" என்றுதான் பதில் வரும். "ஒரு படம் எடுத்து அனுப்பு" என்று கேளுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. குறை இருந்தால் அன்றே அந்தப் படத்தோடு கடையை அழையுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால், பூ வரும்போதே வாடியிருந்ததா, வீட்டில் தண்ணீர் மாற்றாமல் வாடியதா என்று கடைக்காரரால் பிரித்தறிய முடியாது.