உடைந்த கதவுக் கண்ணாடியும் அதை மாற்றித் தந்தவர்களின் வேலைத் திறமும்

காரின் பின்பக்க இடது கதவுக் கண்ணாடியை உடைத்து இருக்கையில் இருந்த பையை யாரோ எடுத்துச் சென்றுவிட்டதால், வண்டி நிற்கும் இடத்துக்கே ஆளை அனுப்பிக் கண்ணாடி மாற்றித் தரும் ஒரு சேவையை நான் நாட வேண்டியிருந்தது. அவர்களுடைய வேலையைப் பற்றிய என் மதிப்பீடு இது. புதுக் கண்ணாடியைப் பொருத்துவது இதில் எளிய பகுதி. உடைந்த துகள்களைக் கதவின் உட்கூட்டிலிருந்து முழுவதும் வெளியேற்றி, கழற்றிய ஒவ்வொன்றையும் பழைய நிலையில் திருப்பி வைப்பதுதான் மெய்யான வேலை என்பதை அருகிலிருந்து பார்த்தபோது உணர்ந்தேன். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இவர்கள் நன்றாகவே செய்தார்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன். குறை சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு, அவற்றையும் மறைக்கப் போவதில்லை.

தொலைபேசியில் பேசியவர் வண்டியின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு விலையைச் சொல்லிவிடவில்லை. சேசிஸ் எண்ணைக் கேட்டார். உடைந்தது ஏறி இறங்கும் கண்ணாடியா, அதன் ஓரத்தில் அசையாமல் இருக்கும் சிறு கண்ணாடியா என்று கேட்டார். கண்ணாடியே கருநிறமாக வந்ததா, பிறகு ஃபிலிம் ஒட்டியதா என்றும் விசாரித்தார். ஒரே மாடல் காரில்கூட ஆண்டுக்கு ஆண்டும் ரகத்துக்கு ரகமும் கண்ணாடியின் நிறம், தடிமன், கீழ் விளிம்பில் உள்ள துளைகளின் இடம் ஆகியவை மாறுவதுண்டு. இவற்றைக் கேட்காமல் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்களிடம் வேலையைக் கொடுத்தால், பொருந்தாத கண்ணாடியோடு ஆள் வந்து நிற்பதற்கும் வண்டி இன்னொரு நாள் கண்ணாடியில்லாத கதவோடு கிடப்பதற்கும் இடமுண்டு.

ஆள் வந்து சேரும்வரை என்ன செய்யக் கூடாது என்பதையும் அவரே சொன்னார். அந்தக் கதவின் பவர் விண்டோ பொத்தானை அழுத்த வேண்டாம். உள்ளே விழுந்து கிடக்கும் துகள்கள் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரில் சிக்கி அதையும் கெடுத்துவிடும் என்றார். கதவை ஓங்கிச் சாத்த வேண்டாம் என்றார். எதையும் தொடுவதற்கு முன் உள்ளும் புறமும் படம் எடுத்து, காவல் நிலையத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் தெரிவித்துவிட்டுத் துப்புரவைத் தொடங்கச் சொன்னார். மழை இறங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுவதானால், கண்ணாடியின் விளிம்போரம் உள்ள ரப்பர் பீடிங்கின் மேல் ஒட்டாமல், ஈரமும் தூசியும் துடைத்த பெயின்ட் பரப்பின் மேல், எளிதில் உரியும் டேப்பால் ஒட்ட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். திருட்டு நடந்த பதற்றத்தில் இருப்பவருக்கு இந்த நிதானமான பேச்சு எவ்வளவு பெரிய உதவி என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

பக்கக் கண்ணாடியை ஒட்டிச் சரிசெய்ய முடியாதா என்று கேட்பவர்கள் பலர் என்று வேலைக்கு வந்த தொழிலாளர் சொன்னார். முன்பக்கப் பெரிய கண்ணாடியில் சிறு சிதைவு ஏற்பட்டால் பிசின் செலுத்திச் சரிசெய்ய முடிகிறது. ஏனென்றால் அது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலத்தை வைத்து அழுத்திய லேமினேட்டட் கண்ணாடி. கதவுகளில் பெரும்பாலும் இருப்பது டஃபன்டு கண்ணாடி. அதை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் வேகமாகக் காற்றைப் பாய்ச்சிக் குளிரவைக்கிறார்கள். வெளிப்பரப்பு முதலில் இறுகிவிட, உட்பகுதி பிறகு மெல்லக் குளிர்ந்து சுருங்கப் பார்க்கிறது. அதனால் பரப்பில் அழுத்தமும் உள்ளே இழுவிசையும் நிலைத்துவிடுகின்றன. இந்த இறுக்கம்தான் அதற்குச் சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு வலிமையைத் தருகிறது. கூர்மையான ஒன்று மேற்பரப்பைத் துளைத்து உள்ளே இழுவிசை இருக்கும் இடத்தைத் தொட்டுவிட்டால், அந்தச் சமநிலை குலைந்து, தகடு முழுவதும் ஒரே கணத்தில் சிறு மணிகளாக உதிர்ந்துவிடுகிறது. பெரிய கத்தி போன்ற சில்லுகளாக உடைந்து ஆளைக் கிழிக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஆனால் பயணிகளைக் காக்கும் இந்தக் குணமே துப்புரவுப் பணியைக் கடுமையாக்குகிறது. ஒரு கண்ணாடி ஆயிரக்கணக்கான துண்டுகளாகிக் கதவிலும் இருக்கையிலும் தரைவிரிப்பிலும் இறங்கிவிடுகிறது. இப்படிப் பதப்படுத்திய கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது என்பதால், அந்தக் கதவுக்கென்றே செய்த கண்ணாடி கிடைத்தாக வேண்டும். தொலைபேசியில் கேட்ட கேள்விகளின் அருமை இங்கேதான் விளங்குகிறது.

வந்தவர் கதவின் உட்பலகையைக் கழற்றிய விதத்தை இருந்து பார்த்தேன். கைப்பிடிக்குப் பின்னால் சிறு மூடிக்குள் ஒளிந்திருந்த திருகைத் தேடி எடுத்தார். இரும்புக் கருவியால் நெம்பாமல், பிளாஸ்டிக் நெம்பியால் விளிம்பைச் சுற்றிலும் ஒவ்வொரு கிளிப்பாக விடுவித்தார். பலகையை இழுத்துவிடாமல் சற்றே விலக்கிப் பிடித்து, ஒயர் இணைப்புகளையும் பூட்டுக்குச் செல்லும் கேபிளையும் கழற்றினார். இற்றுப்போன இரண்டொரு கிளிப்புகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியவற்றை எடுத்து வைத்தார். பலகைக்குப் பின்னால் கறுப்புப் பசையால் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று இருந்தது. அதை அவர் கிழிக்காமல், பசை நூலாக நீளும்படி மெதுவாக உரித்து, மண் படாமல் மடித்து வைத்தார். மழை பெய்யும்போது கண்ணாடியின் வெளிப்பக்கமாக வழியும் நீர் கதவுக்குள் இறங்குவது இயல்புதான். அது காருக்குள் வராமல் கீழே உள்ள துளைகள் வழியாக வெளியேறும்படி தடுத்து நிறுத்துவது இந்த விரிப்பு. அவசரக்காரர்கள் இதைக் கிழித்துவிட்டு அப்படியே பலகையை மூடிவிடுவதுண்டு என்றும், பிறகு சில மாதம் கழித்துத் தரைவிரிப்பில் ஈர நாற்றம் அடிக்கும்போது அதன் காரணம் வண்டிக்காரருக்குப் புரிவதில்லை என்றும் அவர் சொன்னார். நான் நேரில் கண்ட ஒன்றை வைத்து ஒரு சேவையின் தரத்தை அளக்கச் சொன்னால், இந்த விரிப்பை அவர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

கதவின் அடியில் கண்ணாடி மணிகள் கற்கண்டைப் போலக் குவிந்து கிடந்தன. மெல்லிய குழாய் மாட்டிய வேக்கம் கிளீனரால் அவற்றை இழுத்தபின், வெளித்தகட்டை உள்ளங்கையால் இடம் மாற்றி மாற்றித் தட்டினார். ஒவ்வொரு தட்டலுக்கும் எங்கோ ஒட்டியிருந்த சில மணிகள் சலசலத்துக் கீழே விழுந்தன. சத்தம் அடங்கும்வரை தட்டுவதும் இழுப்பதுமாக இருந்தார். அடித்துளைகளில் நைலான் கம்பியை விட்டு அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தார். அடுத்து, கண்ணாடி ஓடும் ரப்பர் சேனலை விரித்துப் பிடித்து, அதன் பள்ளத்தில் பதிந்திருந்த துகள்களைத் தூரிகையால் வழித்தெடுத்தார்; அவை அங்கேயே தங்கிவிட்டால் புதுக் கண்ணாடி ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதில் கீறல் விழும். கண்ணாடியை மாட்டுவதற்கு முன் ரெகுலேட்டரை வெறுமனே ஒருமுறை ஓட்டிக் காது கொடுத்துக் கேட்டார். நறநறவென்று ஒலி வந்ததும் நிறுத்தி, கேபிள் சுற்றி ஓடும் உருளையின் அருகே டார்ச் அடித்து, அங்கே சிக்கியிருந்த ஒரே ஒரு மணியை இடுக்கியால் எடுத்துக் காட்டினார். அதை விட்டிருந்தால் மோட்டாரோ கேபிளோ விரைவில் பழுதாகியிருக்கும். இந்தப் பொறுமைக்குத்தான் நான் கொடுத்த பணம் தகும் என்று நினைத்தேன்.

புதுக் கண்ணாடியின் மூலையில் பொறித்திருந்த முத்திரையைக் காட்டச் சொல்லிக் கேட்டேன், அவரும் மறுக்காமல் காட்டினார். வட்டத்துக்குள் E என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் இருந்தால், வாகனக் கண்ணாடிகளுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் 43ஆம் எண் விதிமுறைப்படி அது ஒப்புதல் பெற்றது என்று பொருள். வட்டத்துக்குள் இருக்கும் எண் ஒப்புதல் அளித்த நாட்டைக் குறிக்கும். 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. அமெரிக்க முறைப்படியான கண்ணாடிகளில் ஏஎஸ்1, ஏஎஸ்2 போன்ற குறிகள் இருக்கும். எந்த முத்திரையும் இல்லாத கண்ணாடியை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கதவில் ஏற்ற விடக் கூடாது. எனக்குப் பொருத்திய கண்ணாடியில் ஒப்புதல் முத்திரை முறையாக இருந்தது. கார் நிறுவனத்தின் சின்னம் இல்லை. அதாவது அது வெளிச்சந்தைக் கண்ணாடி. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை என்றாலும், தொலைபேசியில் அவ்வளவு கேள்வி கேட்டவர்கள் இதையும் முன்கூட்டியே சொல்லி, நிறுவனக் கண்ணாடி வேண்டுமா, இது போதுமா என்று தேர்வை என்னிடம் விட்டிருக்க வேண்டும். வெயிலில் நின்று பார்த்தால் பக்கத்துக் கதவின் பச்சைச் சாயலுக்கும் இதற்கும் சிறு வேறுபாடு தெரிகிறது. இதை நான் உண்மையான குறையாகவே கருதுகிறேன்.

பொருத்தும் வேலை விரைவில் முடிந்தது. பிடிப்புத் திருகுகளை அரைகுறையாக முறுக்கி, கண்ணாடியை முழுவதும் மேலேற்றிச் சேனலில் தானாக அமரவிட்டு, பிறகே முழுவதும் இறுக்கினார். பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு, ஒரே தொடுதலில் ஏறி இறங்கும் கண்ணாடிகள் பல கார்களில் தம் எல்லையை மறந்துவிடும். கண்ணாடியை முழுவதும் இறக்கி, முழுவதும் ஏற்றி, மேலே நின்றபின்னும் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து அதை மீண்டும் பழக்க வேண்டும். அதைச் செய்தபின், சுருட்டிய துணியை விளிம்பில் வைத்து, தடை பட்டதும் கண்ணாடி தானே கீழிறங்குகிறதா என்று சோதித்தார். குழந்தைகள் அமரும் பின்கதவில் இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது. ஒயர் இணைப்புகள் கழன்றிருந்தபோது வண்டியின் சாவியைத் திருப்ப வேண்டாம் என்று என்னை எச்சரித்ததும் சரியான செயல். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான உணரி கதவுக்குள்ளேயே இருப்பதால், தேவையின்றி எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கிவிடும்.

இருக்கைகளைத் துப்புரவு செய்ததில்தான் எனக்கு மனக்குறை. இருக்கையின் மேற்பரப்பையும் தரைவிரிப்பையும் நன்றாகவே இழுத்தார்கள். இருக்கைக்கும் முதுகுச் சாய்வுக்கும் நடுவே உள்ள இடுக்கு, இருக்கை நகரும் தண்டவாளம், பெல்ட் கொக்கியின் வாய் ஆகியவற்றை நான் சுட்டிக்காட்டிய பிறகே கவனித்தார்கள். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பார்த்தபோது அதன் மடிப்பிலிருந்து துகள்கள் விழுந்தன; அப்படியே சுருள விட்டிருந்தால் அவை நாளடைவில் பட்டையின் இழைகளை அறுக்கக் கூடியவை. குழந்தை இருக்கையைத் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதை நானே வெளியே எடுத்து, உறையைக் கழற்றி, வார் நுழையும் ஒவ்வொரு துளையையும் பார்த்தேன். கண்ணாடி மாற்றும் சேவையிடம் இதை எதிர்பார்க்கலாமா என்று சிலர் கேட்கலாம். துப்புரவும் சேர்த்து என்று விளம்பரம் செய்பவர்களிடம் எதிர்பார்க்கலாம் என்பதே என் கருத்து; இயலாது என்றால் எதுவரை செய்வோம் என்பதை ரசீதிலாவது எழுதித் தர வேண்டும்.

வேலை முடிந்ததும் குழாய் நீரைக் கதவின் மேல் விளிம்பிலிருந்து ஊற்றிப் பார்த்தோம். அடித்துளைகள் வழியாக நீர் சீராக வடிந்தது. உள்ளே ஒரு சொட்டும் வரவில்லை. நெடுஞ்சாலையில் வேகமாகச் சென்றபோது மட்டும் மெல்லிய காற்றிரைச்சல் கேட்டது. தெரிவித்ததும் மறுபேச்சில்லாமல் அதே தொழிலாளரை அனுப்பினார்கள். வெளிப்பக்கப் பீடிங்கின் ஒரு முனை சரியாக அமராமல் இருந்ததைக் கண்டு அழுத்தி உட்கார வைத்தார், இரைச்சல் நின்றது, கட்டணமும் கேட்கவில்லை. உத்தரவாதத்தை வாய்மொழியாகச் சொல்லாமல் நீர்க்கசிவு, காற்றிரைச்சல், ரெகுலேட்டர் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லி எழுதித் தந்திருந்ததால்தான் இந்தப் பேச்சு இவ்வளவு எளிதில் முடிந்தது.

ஏறி இறங்கும் கண்ணாடிக்கு இவர்களை வாசலுக்கு அழைக்கலாம் என்று துணிந்து சொல்வேன். உடைந்தது பசையால் ஒட்டிய அசையாத கண்ணாடி என்றால் நான் பட்டறைக்கே கொண்டு செல்வேன். அந்தப் பசை இறுகுவதற்கு வெப்பநிலையும் ஈரப்பதமும் ஒத்துழைக்க வேண்டும், ஒட்டும் பரப்பில் தூசி படியக் கூடாது, இறுகும்வரை வண்டியை எடுக்கவும் கூடாது. மேல்சட்டம் இல்லாத கதவுகளுக்கும் இதுவே என் யோசனை; கதவைத் திறக்கும்போது சற்று இறங்கி, மூடியதும் ஏறி அமரும் அந்தக் கண்ணாடிகளின் சாய்வையும் உயரத்தையும் நுணுக்கமாகச் சரிசெய்ய நல்ல வெளிச்சமும் நேரமும் தேவை. ஃபிலிம் ஒட்டியிருந்தவர்கள், புதுக் கண்ணாடி அது இல்லாமலே வரும் என்பதையும், மீண்டும் ஒட்டினால் சில நாள் கண்ணாடியை இறக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ரசீதில் கண்ணாடியின் விலை, கூலி, துப்புரவு, மாற்றிய கிளிப்புகள் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, முத்திரையில் இருந்த எண்ணையும் குறித்துத் தந்தார்கள். காப்பீட்டுக் கோரிக்கைக்கு இது மிகவும் பயன்பட்டது. சில காப்பீடுகளில் கண்ணாடிச் சேதத்துக்குத் தனி விதி இருக்கும். சிலவற்றில் கோரிக்கை வைத்தால் அடுத்த ஆண்டின் காப்பீட்டுக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும். நாமே ஏற்க வேண்டிய தொகை கண்ணாடி மாற்றும் செலவுக்கு நெருங்கி வந்தால் கோரிக்கை வைப்பதில் பயனில்லை என்பதால், வேலையைத் தொடங்கச் சொல்வதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுமாறு இச்சேவையின் அலுவலகத்திலேயே சொல்கிறார்கள்.