ஜூடோவா, பிரேசிலியன் ஜூஜிட்சுவா: தரையில் கிடைக்கும் நேரம்

ஆறு மாதம் ஜூடோ பழகினேன். பிறகு மாறி, நான்கு வருடமாக, பெரும்பாலும் தரையில் மல்லுக்கட்டும் கலையான பிரேசிலியன் ஜூஜிட்சு. எதில் சேரலாம் என்று யார் கேட்டாலும் ஜூஜிட்சு என்றுதான் சொல்கிறேன்.

பெயரை வைத்து, இது சாமுராய் காலக் கலையின் நேரடி வாரிசு என்று பலர் நம்புகிறார்கள். நடுவில் ஜூடோ இருக்கிறது. பழைய ஜுஜுட்சுப் பள்ளிகளில் பயின்ற ஜிகோரோ கானோ 1882-ல் டோக்கியோவில் கொடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். ஆபத்தான அடிகளை ஒதுக்கிவிட்டு, மீதியை முழு பலத்தோடு மோதிப் பழகச் செய்தார். அந்தப் பயிற்சிக்குப் பெயர் ரந்தோரி. கொடோகன் மாணவர் மிட்சுயோ மயேடா 1914-ல் பிரேசிலுக்குப் போனார்; பின்னர் பெலேம் நகரில், பிரேசிலியன் ஜூஜிட்சுவை வளர்த்த குடும்பத்தின் கார்லோஸ் கிரேசி அவரிடம் கற்றார். அந்நாட்களில் வெளிநாடுகளில் ஜூடோவையும் ஜூஜிட்சு என்றே அழைத்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உடை, பெல்ட், வணக்கம் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். ரந்தோரியும் அப்படியே வந்தது, அதுதான் பெரிய சொத்து.

பிரிவது விதியில். ஜூடோவில் எதிராளியை வேகமாக, முதுகு படும்படி எறிந்தால் ஆட்டமே முடிந்தது. ஜூஜிட்சுப் போட்டியில் அதே எறிதலுக்கு 2 புள்ளிதான், ஆட்டம் தொடரும். ஜூடோவில் 20 விநாடி அமுக்கிப் பிடித்தாலே வெற்றி; தரையில் முன்னேற்றம் இல்லையென்றால் நடுவர் 'மத்தே' என்று நிறுத்தி எழுப்பிவிடுவார். அதனால் கீழே இருப்பவர் குப்புறப் படுத்து, நடுவரின் குரலுக்காகக் காத்திருந்தாலே தப்பிவிடலாம். ஜூஜிட்சுவில் அப்படிக் கிடந்தால் முதுகில் ஏறிக் கழுத்தை நெரித்துவிடுவார்கள். மேலே ஏறி உட்கார்ந்தால் 4 புள்ளி கிடைக்கும், ஆனால் எத்தனை நிமிடம் அமுக்கினாலும் அதனாலேயே ஆட்டம் முடியாது. கீழே இருப்பவர் மல்லாந்து, கால்களால் வளைத்துப் பிடித்து, அங்கிருந்தே தாக்கியாக வேண்டும். 'கார்டு' எனப்படும் இந்த நிலை இந்த அளவு வளர்ந்ததற்கு இந்த விதியே காரணம் என்பது என் கருத்து. என்னைவிட இருபது கிலோ கூடுதலான ஒருவருக்கு அடியில் மூச்சு வாங்கிக்கொண்டு, அவசரப்படாமல் யோசிக்க முடிகிறதே, அதற்காகத்தான் மாறினேன்.

தரைப்போரைப் பிரேசில் மட்டுமே கண்டுபிடித்தது என்றும் சொல்ல மாட்டேன். ஜப்பானில் 1914 முதல் மாணவர்களிடையே நடந்த கோசென் ஜூடோவில் தரைப்போருக்குத் தாராள இடம் இருந்தது. 1951-ல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, கார்லோஸின் தம்பி எலியோ கிரேசியின் கையை முறுக்கி வென்றார். தோற்ற பக்கம் அந்தப் பிடிக்கு அவர் பெயரையே வைத்தது. இன்று வகுப்பில் 'கிமுரா போடு' என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நேர்மை பிடிக்கிறது.

நின்று மோதுவதில் ஜூடோவுக்கு ஈடில்லை. பெரும்பாலான ஜூஜிட்சு வகுப்புகளில் முழங்காலிலிருந்தே தொடங்குகிறோம், நின்ற நிலை பலவீனமாகவே இருந்துவிடுகிறது. ஆறு மாதத்தில் ஒரு எறிதலைக்கூட நான் சரியாகக் கற்கவில்லை, ஆகவே அந்தப் பகுதியில் என் மதிப்பீட்டைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். விழக் கற்றது மட்டும் அங்கேதான். யாராவது என்னை எறியும்போது தாடையை மார்போடு ஒட்டி, கையால் தரைவிரிப்பை அறைந்து விழுவது இன்றும் யோசிக்காமலே வருகிறது.