பிஎச்பியும் பாதிக் கலைச்செல்வியும்

தமிழ்ப்பள்ளியில் கூடப் படித்த நண்பன் போன மாதம் வாட்ஸ்அப்பில் கேட்டான். "மகன் எஸ்பிஎம் பரீட்சை எழுதி ஸ்கூல் முடிச்சிட்டான்டா. வெப்சைட் வேலை கத்துக்கணுமாம். நீ பிஎச்பியிலதான இத்தனை வருஷமா சோறு சாப்பிடுற, அதையே படிக்கச் சொல்லவா?"

அவன் கேட்ட நேரம் சரியில்லை. இணையதளங்களை எழுதும் நிரல்மொழியான அதே பிஎச்பியைத்தான் முந்தின நாள் முழுக்க நான் திட்டித் தீர்த்திருந்தேன்.

பினாங்கில் ஒரு கோயிலுக்குப் பால்குடப் பதிவுத் தளம் எழுதிக் கொடுத்து எட்டு வருடம் ஆகிறது. பெயர், நட்சத்திரம், கைப்பேசி எண், கடைசியில் ஒரு ரசீது. அவ்வளவுதான். பிஎச்பி 7.4-இல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுபோயின. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது (புத்தியுள்ளவன் செய்யமாட்டான்) புது சர்வர் எடுத்து 8.3-க்கு மாற்றினேன். என் பெயரைப் போட்டுச் சோதித்தேன். குமார். அழகாக வந்தது. தூங்கப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் கவுண்டரில் இருக்கும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, ஒரு பாட்டி ரசீத கையில வச்சிக்கிட்டு நிக்கிறாங்க. பேத்தி பேர்ல பாதியக் காணோமாம்." படமும் அனுப்பினார். கலைச்செல்வி இருக்க வேண்டிய இடத்தில் 'கலைச்ச' என்று இருந்தது. அதன் பக்கத்தில் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

பெயர் ரசீதின் ஓரத்தைத் தாண்டக்கூடாது என்பதற்காக 20 எழுத்தோடு வெட்டச் சொல்லி 'சப்ஸ்டர்' என்ற கட்டளையைப் போட்டிருந்தேன். பிஎச்பியின் சப்ஸ்டருக்கு எழுத்து தெரியாது, கணினி சேமிக்கும் சின்ன அலகான பைட்தான் தெரியும். எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் (கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) 3 பைட். 'குமார்' 18 பைட், தப்பித்துவிட்டது. 'கலைச்செல்வி' 33 பைட். இருபதாவது பைட்டில் கத்தி விழுந்தால் 'செ'யின் கொம்பு நடுவில் அறுபடும். அறுந்த துண்டுதான் அந்தக் கேள்விக்குறி.

அப்படியானால் எட்டு வருடம் எப்படிச் சரியாக ஓடியது? பழைய சர்வரில் 'ஃபங்க்‌ஷன் ஓவர்லோடு' என்ற அமைப்பை நானே போட்டுவிட்டு மறந்திருக்கிறேன். அது சப்ஸ்டரை ஓசையில்லாமல் 'எம்பி சப்ஸ்டர்' ஆக்கிவிடும். பைட்டை விட்டுவிட்டுக் குறிகளை எண்ணும். 7.2-லேயே 'இதை எடுக்கப் போகிறோம்' என்று எச்சரித்தார்கள், 8.0-இல் எடுத்தேவிட்டார்கள். படிக்காதது என் தப்பு. சரி.

எல்லா இடத்திலும் எம்பி சப்ஸ்டர் என்று திருத்தினேன். பாட்டி இந்த முறை பேத்தியின் அப்பா பெயரையும் சேர்க்கச் சொன்னார். வந்த ரசீதில் 'கலைச்செல்வி முருகையன'. கடைசிப் புள்ளி போய்விட்டது. ஏனென்றால் எம்பி வகையறா புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணுகிறது. இருபது வரை எண்ணி, இருபத்தோராவதாக இருந்த புள்ளியைத் தூக்கி எறிந்துவிட்டது. எட்டு வருடமாக எத்தனை அப்பாக்கள் இப்படிப் புள்ளி இழந்தார்களோ! பிரிண்டரில் மை போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவதாக 'கிராஃபீம்' என்று தொடங்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. தனி நீட்சி, தேடிப் போட வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லைக் கேட்டால் நீளம் எண்ணும் சாதாரண ஸ்டர்லென் 15 என்கிறது, எம்பி 5 என்கிறது, கிராஃபீம்தான் 3 என்கிறது. முதல் வகுப்புப் பிள்ளை சொல்லும் விடை, மூன்றாவது கதவைத் தட்டினால்தான் கிடைக்கிறது. அதுவும் 'லக்ஷ்மி'யில் க்ஷ் வந்ததும் தடுமாறி 4 எழுத்து என்கிறது.

நியாயமாகப் பேசினால் பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மற்ற மொழிகளும்கூடத் 'தமிழ்' 5 என்றுதான் சொல்கின்றன. ஸ்விஃப்ட் மட்டும் கேட்டவுடன் 3 என்கிறது. ஆனால் பிஎச்பி மேல் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. இதைச் சரிசெய்யவே பதிப்பு 6 என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மொழி முழுக்க யூனிகோடு, அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுத் தரநிலை, என்றார்கள். 2010-இல் கைவிட்டுவிட்டு, பிறகு 5-இலிருந்து 7-க்கே தாவிவிட்டார்கள். அந்த ஆறுக்குள் என் கலைச்செல்வி இருந்தாள். இரண்டு முக்காற்புள்ளியைத் தப்பான இடத்தில் போட்டால் 'பாமாயிம் நெகுடோடாயிம்' என்று எபிரேயத்தில் திட்டிய மொழி இது. எழுதியவர்களில் இருவர் இஸ்ரேல்காரர்கள். எபிரேயத்துக்குப் பிழைச் செய்தியிலேயே இடம் கிடைத்தது, தமிழ்ப் புள்ளிக்கு ரசீதில் கிடைக்கவில்லை.

(நம் பெயர்களில் மகன், மகள் என்பதற்கு வரும் ஏ/எல், ஏ/பி சாய்கோட்டை அப்படியே கோப்புப் பெயரில் வைத்து ஒருமுறை வதைபட்டேன். அது முழுக்க என் முட்டாள்தனம், அதை மொழியின் தலையில் கட்டமாட்டேன்.)

இவ்வளவு திட்டியும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். தைப்பூசத்துக்கு முந்தின இரவு, தண்ணீர்மலைப் பக்கம் ரோட்டில் கால் வைக்க இடமில்லை, பதிவு மட்டும் வந்துகொண்டே இருந்தது. மாதம் நாற்பது வெள்ளி (ரிங்கிட்) வாடகை சர்வர் அசையவில்லை. பிஎச்பியில் பக்கத்தைக் கேட்டு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் புதிதாகப் பிறந்து, வேலை முடிந்ததும் செத்துவிடும். ஒன்றில் வந்த கோளாறு அடுத்ததில் தங்காது. பத்து மணிக்கு அக்கா 'ரசீதில் நட்சத்திரம் பெரிதாக வேண்டும்' என்றார். ரோட்டோரம் தே தாரிக் குடித்துக்கொண்டே கைப்பேசியில் ஒரே ஒரு கோப்பை மாற்றினேன். அடுத்த ரசீதிலேயே பெரிதாக வந்தது. நிரலைக் கட்டுவது, சர்வரை மறுபடி தொடங்குவது என்று எதுவும் இல்லை. இந்தச் சுகத்தை நான் தொட்ட வேறு எந்த மொழியும் தந்ததில்லை.

நண்பனுக்குப் பதில் போட்டேன்: "பிஎச்பி வேண்டாம்டா, பையனைப் பைத்தான் படிக்கச் சொல்லு."

"அப்ப நீயும் மாறிட்டியா?"

"எங்க மாறுறது? வெள்ளிக்கிழமைக்குள்ள அன்னதானப் பக்கத்த முடிச்சுக் குடுக்கணும். பிஎச்பியில பாதி முடிச்சிட்டேன்."