ஹயகாவாவா, பண்டோவா: யாரிடமிருந்து தொடங்கலாம்?

ஜப்பானிய மௌனப்படம் பார்க்க ஆசைப்பட்டு, இந்த இருவரிடையே தயங்குபவர்களுக்கு:

களம்: செஸ்யூ ஹயகாவா ஹாலிவுட்டில் கொடிகட்டியவர். பண்டோ சுமசபுரோ ஜப்பானிலேயே வாள்சண்டை நாயகன்.

சொந்தப் பட நிறுவனம்: ஹயகாவா தொடங்கியது 1918இல், பண்டோ தொடங்கியது 1925இல்.

நடிப்பு: 'தி சீட்' (1915) படத்தில் நாயகியின் தோளில் சூட்டு முத்திரை வைக்கிறார் ஹயகாவா, முகத்தில் பெரிய ஆர்ப்பாட்டம் இல்லை. 'ஒரோச்சி' (1925) கடைசிச் சண்டையில் பண்டோவைக் காவலர்கள் மொய்க்கிறார்கள், கயிறுகள் பறக்கின்றன, தலைமுடி கலைந்து வெறித்த கண்ணோடு சுழல்கிறார்.

புரிதல்: முன்னவருக்கு ஆங்கில எழுத்தட்டை, அதாவது காட்சிகளுக்கு இடையே திரையில் வரும் எழுத்து, போதும். பின்னவருக்குப் பென்ஷி, அதாவது திரையருகே நின்று கதை சொல்பவர், குரல் கொடுத்த பிரதி கிடைத்தால் விடாதீர்கள்.

அடக்கமான நடிப்பு பிடிக்குமா, ஹயகாவா. வேகம் வேண்டுமா, பண்டோ. என் ஓட்டு 'ஒரோச்சி'க்குத்தான்; 'தி சீட்' கதையின் இனவெறி தொண்டையில் முள்ளாக நிற்கிறது.