ஹம்ஃப் உட்கார்ந்த நாற்காலி: மூடியிருக்க வேண்டுமா, தொடர்ந்தது சரியா?

2008 ஏப்ரல் 22. இங்கிலாந்தின் போர்ன்மத் பெவிலியன் அரங்கில் ‘ஐயம் சாரி ஐ ஹாவன்ட் எ க்ளூ’ என்ற வானொலி நகைச்சுவைப் போட்டிக் குழுவின் மேடை நிகழ்ச்சி. நடுவர் ஹம்ஃப்ரி லிட்டெல்டன் வரவில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் இடத்தில் ராப் பிரைடன் உட்கார்ந்தார். ஹம்ஃப் பேசி அனுப்பிய ஒலிப்பதிவை அரங்கில் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பதால் வர முடியவில்லை, இந்த யோசனை எனக்கு முன்னாடியே தோன்றாமல் போயிற்றே என்றார். மூன்று நாள் கழித்து இறந்துபோனார். வயது 86.

1972-இல் தொடங்கிய நிகழ்ச்சி அது. 36 வருஷம் பிபிசி ரேடியோ 4 நேயர்களுக்கு அதன் குரல் என்றால் ஹம்ஃப்தான். வரவிருந்த தொடரை பிபிசி ரத்து செய்தது. இனி இன்னொருவரை உட்காரவைத்து நடத்துவதா, மரியாதையோடு மூடிவிடுவதா என்று நேயர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். ‘அவர் இல்லாமல் க்ளூ இல்லை’ என்றவர்கள் வெறும் பாசத்தில் சொல்லவில்லை, அதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் தொடர்ந்ததுதான் சரி என்பது என் கட்சி. ஏன் என்று சொல்ல, பிபிசி வானொலியின் வேறு இரண்டு நிகழ்ச்சிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூடிவிடுவது எப்போது சரி என்பதற்கு ‘ரவுண்ட் தி ஹார்ன்’ நல்ல உதாரணம். இது கேள்வி-பதில் நிகழ்ச்சி அல்ல, நகைச்சுவைத் துணுக்கு நாடகம். அதன் நடுநாயகம் கென்னத் ஹார்ன். 1969 பிப்ரவரி 14 அன்று லண்டன் டார்செஸ்டர் ஹோட்டலில் நடந்த விருது விழா மேடையிலேயே சரிந்து விழுந்து இறந்தார். அடுத்த தொடருக்கான வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. பிபிசி அந்தப் பெயரை அங்கேயே நிறுத்தியது. குழுவில் இருந்த கென்னத் வில்லியம்ஸை முன்னால் வைத்து வேறு பெயரில் புது நிகழ்ச்சி வந்தது. அது நெடுநாள் ஓடவில்லை, ஆனாலும் எடுத்த முடிவில் தப்பில்லை. தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கிறது. சுற்றி நின்று கூத்தடிக்கிற அத்தனை பேருக்கும் நடுவில் நிதானமாக நின்ற கம்பம் அவர். கம்பத்தை எடுத்துவிட்டால் கூடாரம் நிற்காது.

‘ஜஸ்ட் எ மினிட்’ இதற்கு நேர் எதிர். தயக்கம் கூடாது, சொன்ன சொல்லைத் திரும்பச் சொல்லக் கூடாது, தலைப்பை விட்டு விலகக் கூடாது, அறுபது விநாடி பேச வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. இதை உருவாக்கிய இயன் மெசிட்டர் ஷெர்போர்ன் பள்ளியில் படித்தபோது, வகுப்பில் கனவு கண்டுகொண்டிருந்தவரை ஆசிரியர் பிடித்து, இதுவரை நான் சொன்னதைத் தயங்காமல் திருப்பிச் சொல் என்றாராம். அந்த நடுக்கம்தான் 1967 முதல் வானொலியில் ஓடுகிறது. நிக்கலஸ் பார்சன்ஸ் நடுவரானதுகூட தற்செயல்தான். முதலில் நினைத்த ஆள் ஜிம்மி எட்வர்ட்ஸ், அவருக்குத் தேதி ஒத்துவரவில்லை. ஐம்பது வருஷம் ஒரு பதிவையும் தவறவிடாத பார்சன்ஸ் 2018-இல்தான் முதல்முறையாக வராமல் இருந்தார். அன்று கைல்ஸ் பிராண்ட்ரெத் நடத்தினார், ஆட்டம் ஆட்டமாகவே நடந்தது. 2020 ஜனவரியில், 96 வயதில் பார்சன்ஸ் காலமானார். பிறகு பல பேரை மாற்றி மாற்றி உட்காரவைத்துப் பார்த்து, 2021-இல் சூ பெர்கின்ஸிடம் நாற்காலியைக் கொடுத்தார்கள். பார்சன்ஸின் கனிவு போனது உண்மையான இழப்பு. ஆனால் விதி அப்படியே இருக்கிறது. ஒருவர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு போக, எதிரில் இருப்பவர் பொத்தானை அமுக்கக் காத்திருக்கும் அந்தப் பதற்றத்தை நடுவர் உண்டாக்குவதில்லை.

க்ளூவில்தான் சிக்கல். அங்கே விதியே கிடையாது, அதுதான் அதன் உயிர். ‘மார்னிங்டன் கிரெசென்ட்’ சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டியாளர்கள் லண்டனின் தெருக்கள், ரயில் நிலையங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். ‘அந்த நகர்வு இன்றைக்குச் செல்லாதே’ என்று யாராவது ஆட்சேபிப்பார், நடுவர் யோசித்துத் தீர்ப்புச் சொல்வார், கடைசியில் ஒருவர் மார்னிங்டன் கிரெசென்ட் என்பார், கைதட்டல் கிளம்பும். விதி இருப்பதாக எல்லோரும் சேர்ந்து நடிக்கிறார்கள். அந்த நடிப்பைத் தாங்கிப் பிடித்திருந்தது ஹம்ஃபின் முகபாவம், அதுவும் வானொலியில்! எங்கேயோ இருக்க வேண்டியவன் இங்கே வந்து மாட்டிக்கொண்டேனே என்கிற சலிப்பு ஒவ்வொரு வரியிலும் கேட்கும். நிஜத்தில் அவர் பெரிய ஜாஸ் டிரம்பெட் கலைஞர். எங்கே மூச்சை நிறுத்தினால் அடுத்த சொல் வெடிக்கும் என்று அந்தக் கைத்தொழில் கற்றுக்கொடுத்திருந்தது. புள்ளிக்கணக்கு எழுதுவதாகச் சொல்லப்படும், கண்ணுக்குத் தெரியாத கற்பனைப் பெண் சமந்தாவைப் பற்றிய இரட்டை அர்த்த வரிகளை, இரண்டாவது அர்த்தம் தனக்குத் தெரியவே தெரியாது என்பதுபோல் படிப்பார்.

இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் மூடிவிடச் சொன்னதில் ஆச்சரியமில்லை. ஆனால் இரண்டு விஷயங்களை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். அந்த வரிகளை எழுதித் தந்தவர் இயன் பேட்டின்சன். ஹம்ஃபுக்குப் பிறகும் அவர் எழுதினார். பாதி ஹம்ஃப் காகிதத்தில் இருந்தார். இன்னொன்று இதைவிடப் பெரியது. நிரந்தரப் போட்டியாளர்களான பாரி க்ரையர், கிரேம் கார்டன், டிம் புரூக்-டெய்லர் மூவரும் அப்போது இருந்தார்கள், முழு வேகத்தில் இருந்தார்கள். மூடியிருந்தால் ஒருவருடைய மரணத்துக்காக மற்ற மூவரின் முப்பது வருஷ வேலையையும் சேர்த்துப் புதைத்திருப்போம்.

பழைய பதிவுகளையே மறுஒலிபரப்பலாமே என்ற மூன்றாவது யோசனையும் உண்டு. பழைய ஹம்ஃபைக் கேட்க எனக்கு எப்போதும் ஆசைதான். ஆனால் நேற்றைய பதிவில் நாளைய பேச்சு இருக்காது. தொடர்கிற நிகழ்ச்சியோடு சேர்ந்து அது இருக்கட்டும், அதற்குப் பதிலாக வேண்டாம்.

பிபிசி அவசரப்படவில்லை என்பதும் முக்கியம். ஒரு வருஷத்துக்கு மேல் மௌனமாக இருந்துவிட்டு 2009 ஜூனில்தான் நிகழ்ச்சி திரும்பியது. ஸ்டீபன் ஃப்ரை, ஜாக் டீ, ராப் பிரைடன் என்று மூன்று பேரை முறைவைத்து உட்காரவைத்தார்கள். மூவரில் ஃப்ரை அறிவாளி, அது குரலில் தெரிந்துவிடும். பிரைடன் பாட்டும் மிமிக்ரியுமாகக் களத்தில் இறங்கக்கூடியவர், நடுவர் நாற்காலி அவரைக் கட்டிப்போட்டது. டீ மட்டும்தான் இயல்பிலேயே சிடுசிடுப்பு. எதற்கும் மகிழ்ச்சி அடையாத மனிதர் என்பதுதான் அவருடைய மேடை அடையாளமே. ஹம்ஃப் சலித்த இடத்தில் டீ எரிச்சல்படுகிறார். நகல் எடுக்கவில்லை, தன் சொந்தக் குணத்தோடு வந்து பொருந்தினார். அவரே நிலைத்ததற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

இழப்பைக் கையாளும் வழி இந்தக் குழுவுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1996-இல் போட்டியாளர்களில் ஒருவரான வில்லி ரஷ்டன் இறந்தபோது அவர் இடத்துக்கு நிரந்தரமாக யாரையும் போடவில்லை. அந்த இருக்கைக்கு வாராவாரம் விருந்தினர்தான்.

நடுவர் நாற்காலியின் கதையும் ஒருவருடையது மட்டும் அல்ல. 1972-இல் வந்த முதல் தொடரில் ஹம்ஃபும் பாரி க்ரையரும் மாறி மாறித்தான் அதில் உட்கார்ந்தார்கள். அடுத்த தொடரில் க்ரையர் இறங்கிப்போய்ப் போட்டியாளர் வரிசையில் சேர்ந்தார். ஹம்ஃப் போன பிறகும் அதே வரிசையில் உட்கார்ந்து, தன்னைவிட இருபத்தைந்து வயதுக்கு மேல் இளையவரான டீ கேட்ட கேள்விகளுக்கு வருஷக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.