மர்ஃபியின் நீலப் புத்தகம்: செயப்பாட்டு வினையில் ‘எப்படி’ எங்கே இருக்கிறது?

ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’ 1985இல் கேம்பிரிட்ஜ் வெளியீடாக முதலில் வந்தது. இங்கே பார்ப்பது 2019இல் வந்த 5ஆம் பதிப்பு. மொத்தம் 145 பாடங்கள். இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. தானாகப் படிப்பவருக்கு இதைவிடத் தெளிவான அமைப்பு கிடைப்பது அரிது.

செயப்பாட்டு வினைக்கென்று 42 முதல் 46 வரை ஐந்து பாடங்கள் இருக்கின்றன. அவற்றை முடித்தால் ‘கழுவப்பட்டது’, ‘கழுவப்பட்டிருக்கிறது’, ‘கழுவப்பட வேண்டும்’ மூன்றையும் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுத வரும். ஆனால் ஆய்வக அறிக்கையோ பராமரிப்புக் குறிப்போ எழுதுபவருக்கு அது போதாது. எப்படிக் கழுவப்பட்டது, எதைக் கொண்டு, எந்த முறையில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த விஷயம் இந்தப் புத்தகத்தில் ஒரே இடத்தில் இல்லை. 60, 100, 110, 128 என்று நான்கு பாடங்களில் சிதறிக் கிடக்கிறது. எனவே வரிசையாகப் போகாமல் 42, 43 முடித்ததும் நேராக 100க்குத் தாவுங்கள். 44 முதல் 46 வரை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

100ஆம் பாடத்தின் கடைசிப் பகுதி சிறியது, ஆனால் தங்கம். வினையின் மூன்றாம் வடிவத்துக்கு முன்னால் ‘லி’ சேர்ந்த சொல்தான் வர வேண்டும் என்பதை அங்கே காட்டுகிறார். ‘வாஸ் பேட்லி டேமேஜ்ட்’ சரி; ‘வாஸ் பேட் டேமேஜ்ட்’ தவறு.

அடுத்து 128. தமிழர் அதிகம் தடுக்கி விழும் இடம் இது என்பதால் இங்கே நேரம் செலவிடுங்கள். நம் மூன்றாம் வேற்றுமை கருவிக்கும் கருத்தாவுக்கும் ஒரே ‘ஆல்’ உருபைத் தருகிறது: கத்தியால் வெட்டப்பட்டது, தச்சனால் வெட்டப்பட்டது. ஆங்கிலத்தில் அவை இரண்டாகப் பிரிகின்றன. செய்தவருக்கு ‘பை’, கருவிக்கு ‘வித்’. ‘வாஸ் கட் பை எ நைஃப்’ என்று எழுதினால் கத்தியே எழுந்து வந்து வெட்டியதுபோல் ஆகிவிடும். ‘வாஸ் கட் வித் எ நைஃப்’ என்பதே நாம் சொல்ல நினைப்பது. ‘பை ஹேண்ட்’ மட்டும் கருவி அல்ல, முறை. அதனால்தான் அங்கே ‘எ’ கிடையாது, பன்மையும் கிடையாது. செயல்முறையைச் சொல்ல ‘பை’யோடு ‘இங்’ வடிவம் சேரும்: உப்பு ‘வாஸ் செபரேட்டட் பை ஹீட்டிங் த சொல்யூஷன்’. இதற்கான அடிப்படை 60ஆம் பாடத்தில் இருக்கிறது. ஆனால் அங்குள்ள விளக்கம் செய்வினையைச் சார்ந்தது. செயப்பாட்டுக்கு மாற்றிப் பார்ப்பது நம் வேலை.

குறை 110இல் இருக்கிறது. துணைவினைகள் இரண்டு வந்தால் வினையடை முதல் துணைவினைக்குப் பின்னால் வரும் என்பது அங்குள்ள விதி. ‘ப்ராபப்லி’, ‘ஆல்வேஸ்’ போன்ற சொற்களுக்கு அது சரி: ‘ஹேஸ் ப்ராபப்லி பீன் க்ளீன்ட்’. செயலின் விதத்தைச் சொல்லும் சொல்லுக்கு அதே விதியை நீட்டினால் ‘ஹேஸ் தரோலி பீன் க்ளீன்ட்’ என்று வந்து நிற்கும். படிக்கும் ஆங்கிலேயர் காதுக்கு அது இடறும். விதத்தைச் சொல்லும் சொல் மூன்றாம் வடிவத்தை ஒட்டியே நிற்க வேண்டும்: ‘ஹேஸ் பீன் தரோலி க்ளீன்ட்’. பாடத்தின் ஓரத்தில் இந்த ஒரு வரியைப் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் மாறினால் பொருளும் மாறும் என்பதற்கு நல்ல உதாரணம் ‘கிளியர்லி’. ‘த லெட்டர் வாஸ் ரிட்டன் கிளியர்லி’ என்றால் கடிதம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ‘த லெட்டர் வாஸ் கிளியர்லி ரிட்டன் இன் எ ஹர்ரி’ என்றாலோ, அவசரத்தில் எழுதியது பார்த்தாலே தெரிகிறது என்று பொருள். தமிழில் வினையடை எப்போதும் வினைக்கு முன்னாலேயே வந்து பழகியதால் இந்த வேறுபாடு நமக்குச் சட்டென்று தட்டுப்படுவதில்லை. வாசகர் கவனிக்க வேண்டியதே அந்த ‘எப்படி’தான் என்றால், வாக்கியத்தின் கடைசியில் வையுங்கள். ‘த ஸ்க்ரூ மஸ்ட் பி டைட்டன்ட் ஸ்லோலி’ என்று எழுதும்போது அழுத்தம் ‘மெதுவாக’ என்பதன் மேல் விழுகிறது.

வாங்கும்போது விடைகள் உள்ள பதிப்புதானா என்று அட்டையைப் பாருங்கள். விடை இல்லாத பதிப்பும் விற்பனையில் இருக்கிறது, வகுப்பில் ஆசிரியரோடு படிப்பவருக்குத்தான் அது பயன்படும். அமெரிக்க ஆங்கிலத்துக்கான பதிப்பு தனி நூல் என்பதால் இங்கே சொன்ன பாட எண்கள் அதற்குப் பொருந்தாது.